லேசர் ப்ரொஜெக்டரில் வெள்ளை சரியாக வர: ட்ரிம்பாட்டா, மென்பொருளா?

மூவண்ண லேசரில் வெள்ளைக் கோடு போட்டால், பெரும்பாலும் பச்சையோ நீலமோ தூக்கலாகத்தான் தெரியும். நம் கண் எல்லா நிறத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. ஒரே வாட் கொடுத்தாலும் 520 நானோமீட்டர் பச்சை, 638 சிவப்பைவிட மூன்று மடங்குக்கும் மேல் பளிச்சென்றிருக்கும். இதைச் சரிக்கட்ட இரண்டு வழி உண்டு: பெட்டியைத் திறந்து லேசருக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் போர்டில் உள்ள ட்ரிம்பாட்டை, அதாவது அளவை மாற்றும் சிறு திருகைத் திருகலாம், குயிக்‌ஷோ போன்ற மென்பொருளில் ஒவ்வொரு நிறத்தின் அளவையும் மாற்றலாம்.

மென்பொருளில் இரண்டு நிமிட வேலை. தவறினால் பழையபடி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பச்சையை 40 சதவீதத்துக்கு இறக்கினால் அந்த நிறத்துக்கான 256 ஒளிப்படிகளில் நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சும். ட்ரிம்பாட்டில் கெயினை, அதாவது உச்ச அளவைக் குறைத்தால் அத்தனை படியும் கையில் இருக்கும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது மங்கும் முனை. இருட்டறையில், வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மெல்ல மங்கும் ஒரு கோட்டைச் சுவரில் போட்டேன். ஒரு முனையில் அப்பழுக்கற்ற வெள்ளை. மறுமுனைக்கு நாலு விரற்கடை முன்பே சிவப்பு அணைந்துவிட, மிச்சம் நீலப்பச்சை வாலாக நீண்டது. ஒவ்வொரு நிறத்தையும் உமிழும் டையோடு ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தைத் தாண்டினால்தான் லேசராக ஒளிரும். அந்த வாசல் மூன்றுக்கும் மூன்று உயரம். உச்ச அளவை எவ்வளவு மாற்றினாலும் வால் போகாது. மென்பொருளில் சிவப்பின் குறைந்தபட்ச அளவை ஏற்றினேன், வால் சுருங்கியது. வாசல் ரொம்ப உயரமாக இருந்தால், அங்கே மட்டும் தொடக்க மின்னோட்டத்தை வைக்கும் பயாஸ் ட்ரிம்பாட்தான் உண்மையான மருந்து.

ஆனால் அதைத் தொடுபவர்கள் தயவுசெய்து ஒன்றை மறக்க வேண்டாம். சிவப்பு போதவில்லை என்று சிவப்பின் கெயினை ஏற்றாதீர்கள், பச்சையைக் குறையுங்கள். மின்னோட்டம் எல்லை மீறினால் டையோடு நொடியில் போய்விடும். மூடி திறந்திருக்கையில் லேசர் எரியவே கூடாது: அணைத்து, கால் திருப்பு திருகி, மூடி, பிறகு சுவரைப் பாருங்கள். பொறுமை வேண்டும், கண் போனால் வராதே. வாரண்டியும் போகலாம்.

சூடேறினால் சிவப்பு டையோடு சோர்ந்துவிடும். குளிர்ந்த பெட்டியில் பார்த்து வைத்த வெள்ளை, அரை மணியில் நீலப்பச்சைக்குச் சாயும். கால் மணி நேரம் ஓடவிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். அன்றன்றைக்குத் திருத்த மென்பொருள்தான் கைகொடுக்கும், என் ஓட்டும் முதலில் அதற்கே.

டிடிஎல் மாடுலேஷன் பெட்டிக்கு இந்தக் கேள்வியே எழாது. அதில் ஒவ்வொரு நிறமும் ஒன்று எரியும், இல்லை அணையும். மொத்தம் ஏழு நிறம்தான்.