பழைய சேலையா, தொழிற்சாலைத் துண்டா?

கிளிநொச்சிப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, துண்டுத்துணிகளை இணைத்து ஒட்டுத்துணிச் சித்திரம் தைப்பவர்களுக்கு இரண்டு வழி திறந்திருக்கிறது. ஒன்று, பெட்டியில் கிடக்கும் பழைய நூல் சேலை. மற்றது, வெட்டுமேசையில் மிஞ்சும் துண்டுகள்.

கையில் எடுத்தவுடனேயே வித்தியாசம் தெரியும். பல காலம் தோய்த்துக் காய்ந்த சேலை, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த துணி. நான்காக மடித்தாலும் ஊசி தயங்காமல் இறங்கும். நூலோட்டத் தையல் சீராக விழும். எனக்குக் கிடைக்கும் தொழிற்சாலைத் துண்டுகள் பெரும்பாலும் டீ-சேர்ட் துணி. இழுத்தால் நீளும், வெட்டினால் ஓரம் சுருளும். ஆனாலும் நூல் பிரியாது. விரலகல நாடாவாக வெட்டிச் சடைபோலப் பின்னிக் கால்மிதி செய்ய இதைவிட நல்ல துணி இல்லை. சேலைத்துண்டின் ஓரமோ தொட்டாலே பிரியும். மடித்துத் தைத்தே ஆகவேண்டும்.

இரண்டையும் ஒரே சித்திரத்தில் கலக்காதீர்கள். நான் ஒருமுறை கலந்தேன். முதல் தோய்ப்பிலேயே புதுப் பருத்தித் துண்டு சுருங்கிச் சேலையை இழுத்துப் பிடிக்க, நடுவில் தைத்திருந்த தாமரை கோணிப்போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டிலும் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கிறேன். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும்.

சாயம் போடுவதென்றால் சேலைதான். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டியெடுத்த சாயவேர் சிவப்பேற்றியது பருத்தித் துணிக்குத்தான். தேயிலைச் சாயமும் மாதுளந்தோலும் பருத்தியில் பிடிக்கும்; பொலியெஸ்டரில் பிடிக்காது. மஞ்சள்கிழங்குச் சாயம் மட்டும் வேண்டாம், வன்னி வெயிலில் விரைவில் வெளிறிவிடும்.

உரப்பையிலும் சிலர் செய்கிறார்கள். வெயிலில் கிடந்தால் அது பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். முற்றத்தில் மாட்டுவதற்கு அது ஆகாது.

தரத்தில் சேலைதான் என் தெரிவு. கிடைப்பதுதான் கடினம். போர் முடிந்த 2009இல் உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அதற்கு முந்திய சேலை ஒன்று ஒரு வீட்டில் எஞ்சியிருந்தால், அது பெரும்பாலும் ஆச்சியுடையதாகத்தான் இருக்கும். அப்படியொன்றை என்னிடம் தந்தால் முந்தானையில் கத்தரிக்கோல் வைக்கமாட்டேன். அதை முழுதாக நடுவில் வைத்து, சேலையின் உடற்பகுதியில் கிழிந்த இடங்களை மட்டும் வெட்டிச் சுற்றிலும் தைப்பேன். பின்புறத் தாங்குதுணிக்குத்தான் தொழிற்சாலையின் பருத்தித் துண்டு, அதுவும் மூன்று முறை தோய்த்துச் சுருக்கிய பிறகு.