கொட்டேஷனாகப் படித்த ஒரு கொள்கை அறிக்கை: நார்வேயின் தொழில் கட்சி

சேலத்தில் சிறிய வார்ப்படப் பட்டறை நடத்தும் எனக்கு, எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் அதைக் கொட்டேஷனாக, அதாவது சப்ளையர் தரும் விலைப்புள்ளியாகப் படிக்கும் பழக்கம் உண்டு. நார்வேயின் மேற்குக் கரையில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் வேலை செய்யும் என் மைத்துனர் மகன், "மாமா, உங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்காகவே இங்கு ஒரு கட்சி இருக்கிறது" என்று சொல்லி அதன் கொள்கை அறிக்கையை அனுப்பியபோதும் அப்படித்தான் படித்தேன். கைபேசி மொழிபெயர்ப்பில் படித்ததால் நடையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். சரக்கைப் பற்றி மட்டுமே இந்த மதிப்புரை.

தொழில் மற்றும் வணிகக் கட்சி என்று பொருள்படும் பெயருடைய இக்கட்சி 2020-இல் தொடங்கப்பட்டது. 5,000 கையொப்பங்கள் சேர்ந்தால் அந்நாட்டில் புதுக் கட்சியைப் பதிவு செய்துவிடலாம். நாடாளுமன்றத்தில் நுழைவதுதான் கடினம். 2021, 2025 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் 169 இடங்களில் ஒன்றுகூட இதற்குக் கிடைக்கவில்லை. 2023 உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் சில மன்றங்களில் உறுப்பினர்களைப் பெற்றது.

அறிக்கையின் உயிர் மின்சாரத்தில் இருக்கிறது. எண்ணெய், எரிவாயு எடுப்பதைத் தொடர வேண்டும், நிலத்தில் காற்றாலைகள் வேண்டாம், அணுமின்சாரம் வேண்டும் என்பவை எல்லாம் அதன் கிளைகள். நார்வேயின் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். அந்த மலிவு மின்சாரத்தை நம்பியே நூறாண்டுகளுக்கு மேலாக உரம், அலுமினியம், இரும்புக் கலவைகள் ஆகியவற்றின் ஆலைகள் அருவிகளின் அடியில் எழுந்தன. ஒரு டன் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க சுமார் 14,000 யூனிட் வேண்டும் என்பதை நினைத்தால், பாக்சைட் சுரங்கமே இல்லாத நாடு ஏன் அலுமினிய நாடானது என்பது விளங்கும். நம் பக்கம் ஏற்காட்டு மலையில் பாக்சைட் இருந்தது, மேட்டூரில் அணையும் மின்சாரமும் இருந்தன, 1965-இல் அங்கே அலுமினிய ஆலையும் வந்தது. ஆனால் 2008-இல் உற்பத்தி நின்றுபோனது. ஆகவே மின்சாரத்தை முதல் வரியில் எழுதிய ஒரு கட்சியை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன்.

அங்கே சிக்கல் எங்கே தொடங்கியது என்பதை அறிக்கை சரியாகவே பிடித்திருக்கிறது. ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் தலா 1,400 மெகாவாட் திறனுள்ள கடலடிக் கேபிள்கள் 2021-இல் பயன்பாட்டுக்கு வந்தன. ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறியபோது, அந்த வெப்பம் கேபிள் வழியே தெற்கு நார்வேயின் விலையிலும் தெரிந்தது. நாடு ஐந்து விலை மண்டலங்களாகப் பிரிந்திருப்பதால், 2022-இல் தெற்கில் இருந்தவர் வடக்கில் இருந்தவரைவிடப் பல மடங்கு கொடுத்தார். சேலத்திலும் கன்னியாகுமரியிலும் ஒரே கட்டண அட்டவணைக்குப் பழகிய எனக்கு இது முதலில் நம்ப முடியாததாக இருந்தது.

இந்த இடத்தில்தான் அறிக்கை தன் வாடிக்கையாளரைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்க வேண்டும் என்று படுகிறது. பெரிய அலுமினிய ஆலைகள் பல ஆண்டு ஒப்பந்தங்களில் மின்சாரம் வாங்குகின்றன. அன்றாட விலை ஏறினாலும் அவை உடனே நடுங்குவதில்லை. அடிபட்டவர்கள் ரொட்டிக் கடைக்காரர், மீன் பதப்படுத்துபவர், சிறு பட்டறைக்காரர் ஆகியோர்தாம். வீடுகளுக்கு 2021 டிசம்பர் முதல் அரசு மானியம் கொடுத்தது. சிறு தொழில்களுக்கு அந்தக் கை அதே அளவுக்கு நீளவில்லை. ஒரு டன் இரும்பை இண்டக்‌ஷன் உலையில் உருக்க எனக்கு 550 முதல் 600 யூனிட் ஆகிறது. யூனிட்டுக்கு ஒரு ரூபாய் ஏறினாலே டன்னுக்கு 600 ரூபாய் போய்விடும். 2022 செப்டம்பரில் தமிழகத்தில் கட்டணம் உயர்ந்த பிறகு சிறு தொழில் அமைப்புகள் போராடியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். நார்வேயின் அந்தச் சிறு தொழில்காரர்களைத் தலைப்பிலேயே நிறுத்தியிருந்தால் அறிக்கைக்கு இன்னும் பலம் கூடியிருக்கும்.

என் சிவப்புப் பென்சில் அதிகம் ஓடியது அணுமின்சாரப் பகுதியில். நார்வேயில் இதுவரை வணிக அணுமின் நிலையம் ஒன்றுகூட இயங்கியதில்லை. ஹால்டனில் இருந்த ஆய்வு உலையும் 2018-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. இயந்திரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு டெலிவரி தேதிக் கட்டத்தை வெறுமையாக விடும் சப்ளையரிடம் யார் முன்பணம் கொடுப்பார்கள்? காற்றாலை எதிர்ப்பை அப்படிச் சொல்ல முடியாது. ஃபோசன் பகுதியில் கட்டப்பட்ட காற்றாலைகள், கலைமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் உரிமையை மீறியவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2021-இல் தீர்ப்பளித்தது. எனினும் காற்றையும் ஒதுக்கி, அணு உலை வரும்வரை காத்திரு என்றால், மழை குறைந்த ஆண்டில் என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. மேட்டூர் நீர்மட்டத்தை நாளிதழில் தினமும் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும்.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருகிறேன்: நோயைச் சரியாகச் சொன்னதற்கு இரண்டு, சுற்றி வளைக்காமல் எழுதியதற்கு அரை. கோடிட்ட பக்கங்களைப் படமெடுத்து மைத்துனர் மகனுக்கு அனுப்பினேன். "மாமா, நீங்கள் எந்தக் கொட்டேஷனையும் முதல் தடவையிலேயே பாஸ் செய்ததில்லையே" என்று பதில் வந்தது.