பழைய கொரொல்லாவை நாமே விற்பதா, கார் சேலில் கொடுப்பதா?

மலைநாட்டில், ஹட்டனில் இருந்துகொண்டு 2003 டொயோட்டா கொரொல்லா 121 ஒன்றை விற்கப் பார்க்கிறேன். இருபது வருடம் தாண்டிய கார்தான், ஆனால் சர்வீஸ் தவறியதில்லை, பில்கள் எல்லாம் ஒரு பைலில் கிடக்கின்றன. ஒரு மாதமாக எல்லாப் பக்கமும் விசாரித்ததில், அவசரம் இல்லாதவருக்கு நேரடி விற்பனைதான் சரி என்று படுகிறது.

கார் சேல்காரர், அதாவது பழைய கார்களை வாங்கி விற்கும் கடைக்காரர், வண்டியைப் பார்ப்பதைவிட வருடத்தைத்தான் பார்க்கிறார். என்ன மொடல், எத்தனையாவது ஓனர், இரண்டு கேள்வியில் விலை வந்துவிடும். போன வருடம் கிளட்ச் பிளேட் மாற்றினேன் என்றால் தலையை ஆட்டுவார், விலையில் ஏற மாட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, அதற்கு மேல் லாபம் வைத்து அவர் விற்க வேண்டுமே. கண்டியில் ஓரிடத்தில் கையோடு காசு தருகிறோம் என்றார்கள், நான் நினைத்ததைவிட இரண்டு லட்சம் குறைவு. நிறுத்திவிட்டுப் போங்கள், விற்றால் கமிஷன் என்பது இன்னொரு வகை. மழையில் நின்று பெற்றரி இறங்கினால் யார் கேட்பது?

புரோக்கர் ஆளைக் கூட்டி வருவார், உண்மைதான். ஆனால் எனக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை.

நாமே விற்றால் அந்த பைலுக்கு மதிப்பு வருகிறது. மலையில் ஓடிய கார் என்றால் பிரேக், கிளட்ச், ரேடியேட்டர் மூன்றிலும் சந்தேகம் வரும், எதை எப்போது மாற்றினோம் என்று பில்லைக் காட்டினால் பாதிப் பேச்சு அதோடு முடிந்துவிடும். 121இல் இருக்கும் 1500 சிசி இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். இது தெரிந்து கேட்பவரோடு பேசுவது சுகம். (ஏசி போட்டதே இல்லை, புதுசு மாதிரி என்று மட்டும் பெருமை அடிக்காதீர்கள், சும்மா கிடக்கும் ஏசியில்தான் சீல் காய்ந்து கேஸ் கசியும்.)

தொல்லையும் உண்டு. இக்மன், ரியசெவன மாதிரி இணையத்தளத்தில் விளம்பரம் போட்ட அன்றே, வண்டியைப் பார்க்காமலேயே கடைசி விலை கேட்டு கொழும்பில் இருந்து அழைப்பு வரும். இவ்வளவு பழைய காருக்கு லீசிங் எடுப்பதும் கஷ்டம், முழுக் காசோடு வரும் ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியோடு சேர்த்துப் புது வண்டி விலையைக் கேட்டவர் மறுபடி பழையதைத்தான் தேடி வருகிறார்.

எனக்கு முடிவைத் தந்தது விலைகூட இல்லை, வண்டியின் பத்திரங்கள். கையெழுத்து மட்டும் வாங்கி, வாங்குபவர் பெயர் எழுதாத ஓபன் பேப்பரில் வண்டியைக் கைமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் யார் ஓட்டுகிறார் என்றே தெரியாது, விபத்து ஏதும் நடந்தால் பொலிஸ் தேடி வருவது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரை. நேரில் விற்றால் அடையாள அட்டைப் பிரதி வாங்கி, இருவரும் கையெழுத்துப் போட்டு, வண்டி கைமாறியதை அறிவிக்கும் எம்டிஏ 8 படிவத்தை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் நாமே அனுப்பிவிடலாம்.

இப்போதைக்குக் கராஜ் பாஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பத்து வருடமாக இந்த வண்டியைக் கழற்றிப் பூட்டுகிறவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் இருந்து ஒரு வாத்தியார் வருகிறாராம். மழை இல்லாவிட்டால் அடியில் படுத்துப் பார்ப்பார், மழை என்றால் அடுத்த ஞாயிறு.