குளிரூட்டியை யார் நிரப்புவது? நீலகிரியிலிருந்து கிரையோனிக்ஸுக்குத் துணை நிற்கும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஊட்டிக்கு மைனஸ் 196 டிகிரி புதிதல்ல. இங்குள்ள அரசு ஜெர்சிப் பண்ணையின் உறைவிந்து நிலையத்தில் காளைகளின் விந்து அந்தக் குளிரில்தான் இருக்கிறது. மலையில் மாடு வைத்திருக்கும் எவரும் இதைப் பார்த்திருப்பார்கள்: சினை ஊசி போட வருபவர் திரவ நைட்ரஜன் கொள்கலனின் மூடியைத் தூக்கியதும் வெண்புகை கழுத்தில் வழிந்து தரைக்கு இறங்கும். இடுக்கியால் மெல்லிய பிளாஸ்டிக் குச்சி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு, ஈரம் துடைத்து, கருவியில் செருகுவார். எப்போதோ உறைந்தது ஒன்பது மாதம் கழித்துக் கன்றாக நிற்கும்.

அதே திரவத்தில் மனிதரை வைப்பதுதான் கிரையோனிக்ஸ். மருத்துவர் இறப்பை உறுதி செய்த உடனே உடலைக் குளிர்வித்து, இரத்தத்தை வெளியேற்றி, பனிக்கட்டி உருவாகாமல் தடுக்கும் கரைசலை ஏற்றி, நைட்ரஜனில் இறக்கிவிடுவார்கள். என்றாவது ஒரு நாள் மருத்துவம் வளர்ந்து எழுப்பும் என்பது நம்பிக்கை. 1967 ஜனவரி 12 அன்று அமெரிக்காவில் இறந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டு இந்த முறையில் முதலில் வைக்கப்பட்டவர். அவருடைய உடல் இன்றும் அரிசோனாவில் அல்கோர் நிறுவனத்தில் இருக்கிறது. இதுவரை எழுந்தவர் யாருமில்லை. மனிதர் கிடக்கட்டும், ஒரு முயலைக்கூட முழுசாக அந்தக் குளிருக்குக் கொண்டுபோய் உயிரோடு திருப்பியதில்லை. இயக்கத்தில் உள்ளவர்களும் இதை மறைப்பதில்லை. அடக்கம் செய்தால் வாய்ப்பு பூஜ்யம், இதில் பூஜ்யத்தைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதுதான் அவர்கள் வாதம்.

வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குன்னூரிலோ கோத்தகிரியிலோ இருக்கும் ஒருவர், கையில் பெரிய பணமில்லாதவர், இதற்கு எப்படித் துணை நிற்பது? நாலைந்து வழிகள் சொல்லப்படுகின்றன. எல்லாம் ஒரே தரமல்ல.

முதலில் எல்லாரும் நினைப்பது, தானே பெயர் பதிவது. மிச்சிகனில் ராபர்ட் எட்டிங்கர் 1976-ல் தொடங்கிய கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட்தான் மலிவானது. கட்டணம் 28,000 டாலர், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். அல்கோரில் தலையை மட்டும் வைக்க 80,000 டாலர், உடல் முழுவதும் என்றால் இரண்டு லட்சம் டாலருக்கு மேல். கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் கொடுங்கள் என்று 2023-ல் சிறு தேயிலை விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்த மாவட்டம் இது. கிலோ 20 ரூபாய் என்று வைத்தால், அந்த மலிவான 25 லட்சத்துக்கு 1,25,000 கிலோ பச்சைத் தேயிலை பறிக்க வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலோர் ஆயுள் காப்பீடு எடுத்து, அந்தத் தொகை நிறுவனத்துக்குப் போகும்படி எழுதிவைத்துச் சமாளிக்கிறார்கள். இங்கே பாலிசியில் மனைவி பெயரை எடுத்துவிட்டு மிச்சிகன் பெயரை எழுதினால், உறைய வேண்டிய நாள் முன்கூட்டியே வந்துவிடக்கூடும்.

பணத்தைவிடப் பெரிய இடர் மலைப்பாதை. இதயம் நின்ற நிமிடத்திலிருந்து மூளை சிதையத் தொடங்குகிறது, இரத்தம் உறைகிறது. அதனால்தான் அங்கே படுக்கையருகே ஒரு குழு ஐஸோடும் மருந்தோடும் காத்திருக்கும். மிச்சிகன் கட்டணத்தில் இந்தக் காத்திருப்பும் பயணமும் சேராது. நமக்கு ஊட்டியிலிருந்து கோவை விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரம் ஆகிறது, அதுவும் பர்லியாறு பக்கம் மண் சரியாத நாளில். பிறகு இறப்புச் சான்று, காவல் துறையின் தடையின்மைச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, தூதரக அனுமதி. இந்தியாவுக்குள் வைப்பதற்கு இடமில்லை. அமெரிக்கா, ரஷ்யா, சுவிட்சர்லாந்து, சீனா, 2024-ல் முதல் உடலை ஏற்றுக்கொண்ட ஆஸ்திரேலியாவின் ஹோல்புரூக், இவற்றில் எதுவானாலும் கடல் தாண்டியாக வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேரும் உடலில் எதைக் காப்பாற்றுவது? வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்து, கடைசிக் காலத்தில் அங்கேயே போய்த் தங்கக்கூடியவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இதைக் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

இரண்டாவது வழி, தன்னை வைக்கச் சொல்லாமல் அந்த நிறுவனங்களுக்கு உறுப்பினராகவோ நன்கொடையாளராகவோ இருப்பது. இதன் அருமை எனக்கு ஒரு கால்நடை ஆய்வாளரிடம்தான் புரிந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மாட்டுக்கு ஊசி போட வந்தவரிடம் விளையாட்டாகக் கேட்டேன்.

"சார், இதே மாதிரி பெரிய கேனில் ஆளை வைக்கிறார்களாம், தெரியுமா?"

அவர் சிரிக்கவில்லை. "வைக்கலாம் தம்பி. இந்தச் சின்னக் கேனுக்கே நாள் பார்த்து நைட்ரஜன் ஊற்றுகிறோம். ஒரு தடவை வண்டி வராவிட்டால் குச்சி அத்தனையும் வீண். ஆளுக்கு நூறு வருஷம் யார் ஊற்றுவது?"

கிரையோனிக்ஸின் வரலாற்றில் நடந்த மிக மோசமான சம்பவமே இதுதான். கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்துக் கல்லறை அறையில் வைக்கப்பட்ட ஒன்பது உடல்கள் உருகி அழுகிப்போனது 1979-ல் தெரியவந்தது. உறவினர்களிடமிருந்து பணம் வருவது நின்றது, நைட்ரஜன் ஊற்றுவது நின்றது, அவ்வளவுதான். கொள்கலனுக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், யாராவது நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே இந்த இயக்கத்தைத் தாங்குவது விஞ்ஞானத்துக்குச் சமமாகக் கணக்குப் புத்தகமும் அறக்கட்டளையும்தான். வருடம் சிறு தொகை கட்டும் உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்தால் நிறுவனம் நிற்கும். எட்டிங்கரின் உடலே 2011 முதல் அவர் தொடங்கிய மிச்சிகன் நிறுவனத்தில்தான் இருக்கிறது என்பதால், நடத்துபவர்களுக்கு அக்கறை இல்லாமலில்லை.

இதிலும் குறை உண்டு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் பணத்துக்கு நன்கொடைக்கான வரிவிலக்கு கிடையாது, வங்கிக் கமிஷன் வேறு. ஆயிரம் ரூபாய் அனுப்பினால் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். தவிர, போகும் பணம் ஏற்கெனவே வைக்கப்பட்டவர்களைக் காக்கப் போகிறது. எழுப்ப முடியுமா என்ற கேள்வியை ஓர் அங்குலமும் நகர்த்தாது.

அந்தக் கேள்வியை நகர்த்துவது ஆராய்ச்சி. நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழுந்த மறுநாள் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். இலைக்குள் இருந்த நீர் பனிக்கட்டியாகிச் செல்களைக் கிழித்திருக்கும். வெயில் ஏறியதும் தோட்டம் தீயில் வாட்டியது போலக் கருகிக் கிடக்கும். தாகைச் செடியை வெட்டிவந்து மூடிய பாத்திகள்தான் தப்பும். உடலை வெறுமனே உறையவைத்தாலும் இதே கதிதான். 1949-ல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் போல்ஜும் ஆட்ரி ஸ்மித்தும் ஆலன் பார்க்ஸும் கிளிசரின் சேர்த்தால் சேவலின் விந்தணு உறைந்து மீண்டும் பிழைக்கிறது என்று கண்டார்கள். இன்று நம் மாட்டுக்குப் போடும் ஊசி அங்கிருந்து வந்ததுதான். விந்தணு கண்ணுக்குத் தெரியாத அளவு, கரைசல் நொடியில் ஊறிவிடும். சிறுநீரகமோ மூளையோ அப்படியல்ல. உள்ளே வரை கரைசல் போக வேண்டும், பனிக்கட்டி ஆகாமல் கண்ணாடி போல இறுக வேண்டும், திரும்பச் சூடேற்றும்போது ஒரே சீராக ஏற வேண்டும்; இல்லாவிட்டால் விரிசல் விடும்.

இதில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் எலியின் சிறுநீரகத்தைக் கண்ணாடி நிலையில் 100 நாள் வரை வைத்திருந்து, உள்ளே செலுத்திய இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் காந்தப் புலத்தால் சூடாக்கி மீட்டு, வேறு எலிக்குப் பொருத்தி உயிர் வாழவைத்ததை 2023-ல் வெளியிட்டார்கள். மூளைப் பக்கம், பிரெய்ன் பிரிசர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பரிசு அறிவித்தது. 2016-ல் முயல் மூளையையும் 2018-ல் பன்றி மூளையையும் நரம்பு இணைப்புகள் சிதையாமல் காத்துக் காட்டியவர்கள் அதை வென்றார்கள். அந்த மூளைகள் வேதிப்பொருளால் இறுக்கப்பட்டவை, திரும்ப உயிர்க்காது. ஆனால் நினைவு தங்கியிருக்கும் கட்டமைப்பைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு அது ஒரு நேரடியான பதில். அங்கே பரிசு என்ற ஒரு சின்ன ஏற்பாடு, ஆண்டுக்கணக்கில் விவாதித்தும் வராத தெளிவைக் கொண்டுவந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸில் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. மனிதக் கருவின் மூளையை 5,132 சீவல்களாக்கிப் படமெடுத்து 2024-ல் 'தரணி' என்று இலவசமாக வெளியிட்டவர்கள் அவர்கள். ஐஐடிக்குக் கொடுத்தால் வரிவிலக்கும் உண்டு. கிரையோனிக்ஸ்காரர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள்: அது எங்கள் வேலையே இல்லையே, எங்கள் பெயரைக்கூட அவர்கள் சொல்வதில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனாலும் இயக்கத்துக்கு இன்று குறைவது ஆதாரம். மூளையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைக் காத்துவிட்டோம் என்று யார் சொல்வது? ஒருவேளை யாருமே எழாமல் போனாலும், சிறுநீரகத்தைச் சில மாதம் வைத்திருக்கும் வித்தை மிஞ்சும். டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை கோவைக்கு இறங்கும் மலைக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

உடலைக் கொடுப்பது இன்னொரு வழி. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மனித மூளை வங்கி இருக்கிறது. மூளை நோய்களை ஆராய்வதற்கு அங்கே சேரும் மூளைகள்தான் மூலதனம். மனத்தளவில் இது கிரையோனிக்ஸுக்கு மிக அருகில் உள்ள தானம். தூரம்தான் தடை: கூடலூர், முதுமலை, பந்திப்பூர் தாண்டிப் போக வேண்டும், இறந்த பின் மூளையை எடுக்கக் கிடைக்கும் நேரமும் சில மணிகள்தான். ஆகவே பெங்களூரில் வசிக்கும் மலைக்காரர்களுக்கு இது பொருந்தும். மலையிலேயே இருப்பவருக்கு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் எளிது, கண்ணும் கூடவே கொடுக்கலாம். அது கிரையோனிக்ஸுக்குச் செய்யும் உதவி சுற்றிவளைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேலும் ஒன்று: கொடுத்த உடலை நைட்ரஜனில் வைக்க முடியாது. இரண்டையும் விரும்புகிறவர் ஒன்றை விட்டாக வேண்டும்.

கடைசியாக, பேசுவது. செலவில்லாதது என்று இதை முதலில் எழுதுவார்கள். இந்த மாவட்டத்தில் இதுதான் மிகக் கடினம் என்பது என் எண்ணம். படகர் ஹட்டியில் ஒரு சாவு என்றால் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் திரள்வார்கள். இறந்தவரின் பாவங்களைப் பெரியவர் ஒருவர் வரிசையாகச் சொல்ல, கூட்டம் பின்தொடர்ந்து சொல்லும். உடலை அந்தக் கூட்டத்திடமிருந்து பிரித்து விமானத்தில் ஏற்றுகிறேன் என்று எந்த மகன் சொல்வான்? பழனி மலைப் பக்கம் போனால் வேறு விதம். போகர் செய்யாததையா அமெரிக்காக்காரன் செய்துவிட்டான் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனாலும் பேச்சுக்குப் பலன் இல்லாமலில்லை. 2008-ல் விபத்தில் சிக்கிச் சென்னையில் மூளைச்சாவு அடைந்த இளைஞரின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்த செய்தி மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. உறுப்பு தானம் தருவோருக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதை கிடைக்கிறது. பதினைந்து ஆண்டில் இவ்வளவு மாறியது வீட்டுத் திண்ணைகளில்தான். கிரையோனிக்ஸைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் உறுப்பு தானத்தில் தொடங்கினால் கேட்க ஆள் இருக்கும். அழியா வாழ்வு என்று தொடங்கினால் டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆக என் வரிசை: ஆராய்ச்சிக்குப் பணம், பேச்சு, பிறகு சிறு உறுப்பினர் கட்டணம், உடல் தானம், எல்லாவற்றுக்கும் பின்னால் சொந்தப் பதிவு. கையில் கோடி உள்ளவர் இதைத் தலைகீழாக்கினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

எந்த வரிசையை எடுத்தாலும் ஒரு காகித வேலை பொதுவானது. இறுதிக்கால மருத்துவ விருப்பத்தை முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது; 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து போதும். இறந்த பின் உடலை என்ன செய்வது என்று அது கட்டளையிடாது; உடல் தானத்துக்கும் மூளை தானத்துக்கும் தனிப் படிவம் வேண்டும். படிவத்தில் கையெழுத்திட்டாலும் கடைசியில் உடலை ஒப்படைப்பது வீட்டார்தான். பீரோவில் பூட்டிவைத்த காகிதம் காரியம் முடிந்த பதினாறாம் நாள்தான் வெளியே வரும். நகலை மகளிடமோ தம்பியிடமோ கொடுத்து, கல்லூரியின் தொலைபேசி எண்ணை அதன் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.