ஏதென்ஸ் ஆந்தையா, சிராகூஸ் அரெத்துசாவா?

பழைய கிரேக்க வெள்ளிக் காசுகளில் எது அழகு என்று பேச்சு வந்தால் ஏதென்ஸின் ஆந்தைக் காசும், சிசிலித் தீவிலிருந்த கிரேக்க நகரமான சிராகூஸின் அரெத்துசா காசும்தான் முதலில் வந்து நிற்கும். என் ஓட்டு சிராகூஸுக்கு. அதற்காக ஆந்தையைக் குறைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

ஆந்தைக் காசின் எடை சுமார் 17 கிராம், மதிப்பு நான்கு டிராக்மா (டிராக்மா என்பது அன்றைய கிரேக்கப் பண அலகு). ஏதென்ஸுக்கு அருகிலிருந்த லௌரியோன் சுரங்கத்து வெள்ளி. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா, பின்பக்கம் ஆந்தை, ஆலிவ் தளிர், சின்னப் பிறை. ஏதென்ஸில் பார்த்தினான் கோயில் எழுந்த காலத்திலும் இதில் பழைய பாணியே தொடர்ந்தது. அதீனாவின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் நம்மை நேராகப் பார்க்கும். ஏதென்ஸில் திறமைக்கா பஞ்சம்? எகிப்து வரை கைமாறிய காசு இது. முகம் மாறினால் வணிகர்களுக்குச் சந்தேகம் வரும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த ஆந்தை இன்றைய கிரீஸின் 1 யூரோ காசிலும் இருக்கிறது.

சிராகூஸில் அச்சு செதுக்கியவர்கள் தங்கள் பெயரையே காசில் பொறித்தார்கள். கி.மு. 400ஐ ஒட்டி கிமோனும் யூவைநெட்டோஸும் செய்த பத்து டிராக்மா காசுகள் சுமார் 43 கிராம். ஒரு பக்கம் டால்பின்கள் சூழ ஒரு பெண்ணின் தலை. அரெத்துசா என்ற நீரூற்று தேவதை என்று பலர் கொள்கிறார்கள். மறுபக்கம் நாலு குதிரை பூட்டிய தேர், தேரோட்டிக்கு முடிசூட்டப் பறந்துவரும் வெற்றித் தேவதை. குதிரைகளின் கால்களைப் பாருங்கள், ஒன்றோடொன்று பின்னியும் குழப்பமே இல்லை. மூன்றரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள், சுத்தியலால் அடித்த காசில் இவ்வளவும்!

இருவரில் யூவைநெட்டோஸின் தலை மென்மையானது. கூந்தலில் நாணல் இலைகள் செருகியிருக்கும். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம்வரை அதைப் பின்பற்றினார்கள். எனக்குக் கிமோன்தான், அதுவும் அவருடைய நான்கு டிராக்மா காசு. அதில் அரெத்துசா நம்மை நேராகப் பார்க்கிறாள், கூந்தல் தண்ணீரில் அலைவதுபோல் விரிகிறது, இடையிடையே டால்பின்கள். நேர்முகத்தைக் காசில் செதுக்குவது கஷ்டம். மேடான மூக்குதான் முதலில் தேயும். புழக்கத்துக்கு ஆந்தையின் பக்கவாட்டு முகமே சரி. ஆனாலும் வட கிரீஸில் தெசலிப் பகுதியின் லாரிசா நகரம் தன் காசுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது கிமோனின் இந்த முகத்தைத்தான்.