'ஒரு தடவை விடுப்பா': தீம் பார்க்கில் ஒரு நாள்

டிசம்பர் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து செங்கல்பட்டுக்கு வந்திருந்தோம். அண்ணன் பிள்ளைகளுக்கும் அரையாண்டுத் தேர்வு முடிந்திருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் எல்லோருமாக ஒரு வேன் பிடித்து, சென்னைக்குத் தெற்கே இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் போனோம். பூங்காவின் பெயரை எழுதவில்லை. அங்கே என்னை உறுத்தியவற்றில் பெரும்பகுதி வந்திருந்த மக்கள் செய்தவை. வேறு எந்தப் பூங்காவிலும் அவை நடக்கக்கூடியவைதான்.

சேவைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்திருந்ததால் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பை சோதனையில்தான் நேரம் போனது. லாக்கர் வசதி நன்றாக இருந்தது. டெபாசிட் பணத்தை மாலையில் முணுமுணுக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். கழிப்பறைகளை அடிக்கடி கழுவிக்கொண்டே இருந்தார்கள். பாலூட்டும் அறை தனியாக இருந்தது, அண்ணிக்கு அது பெரிய உதவி. பெண்கள் உடை மாற்றும் இடத்தில் துணி மாட்ட ஆணி போதவில்லை. சாப்பாடு சுமார், தயிர் சாதம் மட்டும் நன்றாக இருந்தது. பத்து, பதினைந்து வருடங்களுக்கு முன் இதே சாலையில் இருந்த பூங்காக்களை நினைத்தால் இது எவ்வளவோ முன்னேற்றம்.

இனி அறிவிப்புப் பலகைகளுக்கு வருகிறேன். அந்தப் பூங்காவில் பலகைக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு ரைடின் வாசலிலும் ஆள் உயரத்துக்கு ஒன்று. எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், யாரெல்லாம் ஏறக் கூடாது, எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். அதை நின்று படித்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

மதியம் ஒரு ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றோம். 120 சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்று வாசலில் ஒரு அளவுக்கம்பு வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். ஆறு வயது இருக்கும் பையன், கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தான். வாசலில் நின்ற ஆபரேட்டருக்கு இருபது வயதுகூட இருக்காது. வடமாநிலப் பையன், தமிழ் தடுமாறியது. "சார், முடியாது சார், ஹைட் கம்மி" என்றான்.

"ரெண்டு விரக்கடைதானே தம்பி, நான் பிடிச்சுக்கறேன்" என்றார் அப்பா. "இதுக்குன்னே திருவண்ணாமலையில இருந்து வர்றோம்ப்பா" என்றார் பாட்டி. பின்னாலிருந்து நாலைந்து பேர், "ஒரு தடவை விடுப்பா, லேட் ஆகுதுல்ல" என்று குரல் கொடுத்தார்கள். ஆபரேட்டர் பையன் மறுபடியும் முடியாது என்றான். அப்பாவின் குரல் உயர்ந்தது. "ஆயிரக்கணக்குல காசு கொடுத்திருக்கோம், தமிழே தெரியாத நீ எங்களுக்கு ரூல்ஸ் சொல்றியா? மேனேஜரைக் கூப்பிடு."

மேற்பார்வையாளர் வந்தார். குழந்தையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே கையசைத்து உள்ளே விட்டார். அந்தப் பையன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான், வண்டி ஒரு சுற்று போய் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. அந்த 'ஒன்றும் ஆகவில்லை' என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த சுற்றிலேயே இன்னொரு அப்பா, "போன பையனை விட்டீங்கல்ல, என் பொண்ணை ஏன் விட மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். அந்த ஆபரேட்டரிடம் சொல்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அந்த அப்பா மனதாரத்தான் சொன்னார். ஆனால் அது யாராலும் முடியாத காரியம். வளைவில் உடல் எடை இரண்டு, மூன்று மடங்காக உணரப்படும். 20 கிலோ குழந்தை அந்த நொடியில் 60 கிலோவாகக் கையை இழுக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்து மடிமேல் இறங்கும் ஒரே கம்பியாக இருந்தால் இன்னும் மோசம். அது பெரியவரின் வயிற்றில் தட்டி நின்றுவிடும், பக்கத்துக் குழந்தையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி அப்படியே இருக்கும். தோளுக்கு மேல் இறங்கும் பூட்டு என்றாலும் அது ஓர் உயரத்துக்கு மேல் உள்ள உடம்பைக் கணக்கில் வைத்துச் செய்தது. ஆகவே அந்த இரண்டு விரற்கடைக்கு அர்த்தம் இருக்கிறது. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர் வேண்டும். அங்கேயும் குழந்தைகள் அழுகிறார்கள், பெற்றோர் கெஞ்சுகிறார்கள்.

நம் ஊர் ஆட்களே இப்படித்தான் என்று வெளிநாட்டிலிருந்து வருகிற சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் 2008 ஜூனில் 17 வயதுப் பையன் ஒருவன் எச்சரிக்கைப் பலகை மாட்டிய இரண்டு வேலிகளைத் தாண்டி ரோலர் கோஸ்டருக்கு அடியில் போய், வண்டி மோதி இறந்தான். 2015 ஆகஸ்டில் ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயின்ட் பூங்காவில் ஒருவர் கீழே விழுந்த தன் செல்போனை எடுக்க வேலி தாண்டிப் போய் அதேபோல் உயிரிழந்தார். வேலி தாண்டும் மனசு எல்லா நாட்டிலும் இருக்கிறது.

அப்படியானால் நாம் ஏன் பலகையைப் படிப்பதில்லை? அன்று முழுக்க அந்தப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. நுழைவாயிலில் இருந்த பெரிய பலகையில் முதல் வரி, வெளி உணவுக்கு அனுமதி இல்லை. அடுத்தது, டிக்கெட் பணம் திருப்பித் தரப்படாது. அப்புறம், பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. இவற்றுக்குக் கீழே, அதே சிவப்பில், அதே அளவு எழுத்தில், இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் குறிப்பிட்ட ரைடுகளில் ஏறக் கூடாது என்று இருக்கிறது. வீட்டிலிருந்து கட்டி எடுத்துவந்த புளியோதரையை வாசலில் வாங்கி வைத்துவிட்டு உள்ளே போகிற குடும்பம் அந்தப் பலகையிலிருந்து என்ன பாடம் கற்கும்? விதி என்றால் கடைக்காரர் லாபத்துக்கு எழுதியது என்றுதான். காலையில் அந்த எண்ணத்தோடு உள்ளே போனவர், மதியம் உயரக்கம்பையும் அப்படித்தான் பார்ப்பார். வியாபார விதியையும் உயிர்காக்கும் விதியையும் ஒரே பலகையில் கலந்து எழுதுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

சரி, அதற்காக நம்மை விட்டுவிட முடியாது. நீர் விளையாட்டுப் பகுதியில் நடந்ததற்குப் பலகையைக் குறை சொல்ல வழியே இல்லை. சறுக்கின் உச்சியில், முன்னால் போனவர் கீழே குளத்தை விட்டு வெளியேறிய பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும் என்று படமும் போட்டிருந்தார்கள், ஆளும் நின்று சொன்னார். நாலு கல்லூரிப் பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக இறங்கினார்கள். எடை கூடினால் சறுக்கில் வேகமும் பொதுவாகக் கூடும். கீழே ஒரு சின்னப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய அம்மா பாய்ந்து இழுத்ததால் தப்பித்தாள். விசில் ஊதிய லைஃப் கார்டைப் பார்த்து அந்தப் பையன்கள் கை தட்டினார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை.

வேவ் பூலில் அலை தொடங்கும் முன் சைரன் ஒலிக்கிறது, குழந்தைகளை ஓரத்துக்கு அழைத்து வரச் சொல்லித் தமிழில் அறிவிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் பலரும் கைக்குழந்தையோடு ஆழமான பக்கம் நடந்தார்கள், ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. நெஞ்சளவுத் தண்ணீரில் அலை ஒரு ஆளைத் தூக்கிவிடும். நீச்சல் தெரியாதவருக்குத் தரை கிடைக்காது.

உடை விஷயத்தில் பெண்கள் படும் சங்கடம் எனக்குப் புரிகிறது. நைலான் உடை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்கிறார்கள், வாடகைக்குக் கொடுக்கும் உடையோ எல்லா உடம்புக்கும் பொருந்துவதில்லை. என் சித்தி அதனாலேயே இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பெரிய அளவுகளில், முழுக்கை வைத்த உடைகளும் வைத்திருந்தால் இந்த விதியைப் பாதிப் பேர் மீற மாட்டார்கள். ஆனால் விதிக்குக் காரணம் உண்டு. பருத்தித் துணி நீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். துப்பட்டாவும் விரித்த கூந்தலும் சக்கரம் சுழலும் இடங்களில் இன்னும் ஆபத்தானவை. 2018 பிப்ரவரியில் ஹரியானாவின் பிஞ்சோரில் கோ-கார்ட் என்னும் சின்னப் பந்தய வண்டியை ஓட்டிய இளம்பெண் ஒருவர் தலைமுடி சக்கரத்தில் சிக்கி இறந்தது அப்போது செய்தியாக வந்தது. கூந்தலைக் கட்டவும், துப்பட்டாவைக் கழற்றி வைக்கவும் சொல்லும் பலகைக்குப் பக்கத்திலேயே, தோழியின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துவிட்டு, "இது போதும்" என்று ஏறிய பெண்களை அன்று பார்த்தேன்.

குளத்தில் இறங்கும் முன் ஷவரில் குளிக்கச் சொல்லும் பலகையும் அப்படித்தான். குளத்தில் வரும் மூக்கைத் துளைக்கும் வாடையைக் குளோரின் என்று நினைக்கிறோம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் இறங்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. கிரிப்டோஸ்போரிடியம் என்கிற கிருமி சரியான அளவு குளோரின் போட்ட நீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குழந்தைக்கு இருந்தால் அந்தக் குளத்தில் இறங்கிய பலருக்கும் வரலாம்.

இந்தக் காரணங்களில் ஒன்றுகூட எந்தப் பலகையிலும் இல்லை. 'கூடாது' என்று மட்டும் இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டுமானம் நடக்கும் இடத்தில் அபாயப் பலகை நான்கு மொழிகளில் இருக்கும், தமிழும் அதில் ஒன்று, கூடவே கையை நீட்டித் தடுக்கும் படமும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தமிழ்நாட்டுப் பூங்காவில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் அதன் காலடியில் பொடியாகவும் இருப்பது என்ன நியாயம்? பாட்டிகள்தானே பேரப்பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்து வருகிறார்கள். அவர்கள் படிக்க வேண்டாமா?

பலகையைவிட முக்கியமானவர் வாசலில் நிற்கும் அந்தப் பையன். காலையிலிருந்து வெயிலில் நின்று, நூறு முறை 'முடியாது' சொல்லி, நூறு முறை திட்டு வாங்கி, கடைசியில் தன் மேலாளரே தன் சொல்லை ரத்து செய்வதைப் பார்த்தவன், மறுநாள் எதற்காகத் தடுக்கப் போகிறான்? விதியைத் தளர்த்துவது பூங்காவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஆர்லாண்டோ சாட்சி. 2022 மார்ச்சில் அங்கே உயரத்திலிருந்து விழும் ரைடு ஒன்றில் 14 வயதுப் பையன் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தான். அவன் எடை, தயாரிப்பாளர் வகுத்த சுமார் 130 கிலோ வரம்பைத் தாண்டியிருந்தது. அவன் உட்கார்ந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி, பூட்டு அதிகமாகத் திறந்திருந்தாலும் ரைடு இயங்கும்படி செய்திருந்தது விசாரணையில் தெரிந்தது. பிறகு அந்த ரைடையே பிரித்துவிட்டார்கள்.

வெளியே வரும் வழியில் ஒரு கருத்துப் புத்தகம் இருந்தது. அண்ணன், "உனக்கு எதுக்கு இந்த வேலை, லேட் ஆகுது வா" என்றார். அவரை நிற்க வைத்துவிட்டு எழுதினேன். உயரம், எடை விஷயத்தில் ஆபரேட்டர் சொல்வதே முடிவு, மேலாளர் உட்பட யாரும் அதை மாற்றக் கூடாது. பாதுகாப்புப் பலகையைத் தனி நிறத்தில், தமிழ் மேலே வைத்து, ஒரு வரிக் காரணத்தோடு எழுதுங்கள். உயரக்கம்பை வரிசையின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வையுங்கள். முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பினால் எந்த அப்பாவுக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். டிக்கெட் கவுண்டரிலேயே அளந்து கையில் நிறப்பட்டை கட்டிவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

அங்கிருந்த அதிகாரி படித்துப் பார்த்து, பட்டை யோசனையை மேலே அனுப்புவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார். மேற்பார்வையாளர் செய்ததைப் பற்றிக் கேட்டதற்கு, "சீசன் டைம்ல கூட்டத்தைச் சமாளிக்கணும் மேடம்" என்றார். அதை என்னால் ஏற்க முடியவில்லை, அவரிடமும் அப்படியே சொன்னேன்.

விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: வீட்டிலேயே சுவரில் சாய்த்து உயரம் அளந்துவிடுங்கள், செருப்பு இல்லாமல். எந்தெந்த ரைடில் ஏற முடியும் என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் வாசலில் அழுகை இருக்காது. நைலான் உடையைச் செங்கல்பட்டு, தாம்பரம் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அளவுக்குக் கிடைக்கும், வாடகையும் மிச்சம். போனை லாக்கரில் வைத்துவிடுங்கள். பொங்கலுக்கு அப்புறம், வார நாளில் போனால் கூட்டம் குறைவு.