பழைய கணினியில் கேம் திக்கினால் முதலில் எங்கே பார்ப்பது? ஒரு நீண்ட நாள் அனுபவம்

இன்டெல் ஐ5-4570 புராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, டிடிஆர்3 ரேம். புராசஸர் 2013-இல் வந்தது, கார்டு 2016-இல். கேம் விளையாடுவதற்கென்று இன்று யாரும் இப்படி ஒரு கணினியைத் தேடி வாங்கப் போவதில்லை. ஆனால் பல வருடங்களாக என் மேசையில் இருப்பது இதுதான், இன்றும் இதில்தான் விளையாடுகிறேன். இடையில் ஒரு காலம், தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்குத் திக்கியது. அதிலிருந்து மீண்டு வந்தது எப்படி, எதனால் பலன் கிடைத்தது, எதெல்லாம் வீண் வேலை என்பதைச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது வேறு மாடலாக இருந்தாலும் பார்க்கும் முறை இதேதான்.

"கேம் லேக் ஆகுது" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் பல வகை இருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே ஃபிரேம் (ஒரு நொடிக்குத் திரையில் மாறி மாறி வரும் படங்கள்) குறைவாக வருவது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு இருபது நிமிடத்தில் சரிவது இன்னொன்று. எண்ணைப் பார்த்தால் 60 என்று காட்டும், ஆனால் கண்ணுக்கு வெட்டி வெட்டித் தெரியும், அது மூன்றாவது. புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு நொடி உறைந்து நிற்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எந்த வகை என்று பார்க்காமலே எல்லா செட்டிங்ஸையும் லோவுக்குத் தள்ளுவதால் படம் கெடுமே தவிர, பல நேரம் திக்கல் அப்படியே இருக்கும்.

அதனால் முதல் வேலை அளப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளும் அதோடு சேர்ந்து வரும் ரிவாடியூனரும் இலவசம். அவற்றில் ஃபிரேம் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஃபிரேம் நேரத்தின் வரைபடத்தையும் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஒரு செகண்டில் 59 ஃபிரேம்கள் தலா 14 மில்லிசெகண்டில் வந்து, ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 170 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் சராசரி அப்போதும் 60 என்றுதான் காட்டும். ஆனால் அந்த ஒரு ஃபிரேமில் உங்கள் கார் சுவரில் மோதியிருக்கும். பழைய கணினியில் நம்மைப் படுத்துவது பெரும்பாலும் இந்த வகைதான். வரைபடத்தில் கோடு நேராகப் போனால் 40 ஃபிரேம்கூடக் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஊசி ஊசியாக எழும்பினால் 70 வந்தாலும் எரிச்சல்தான்.

அடுத்து, திணறுவது புராசஸரா, கார்டா என்று தெரிய வேண்டும். இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கேமின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். கார்டு வரைய வேண்டிய பிக்சல்கள் பாதிக்கும் கீழே வந்துவிடும், சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சத்துக்கு. ஃபிரேம் நன்றாக ஏறினால் கார்டுதான் தடை. அப்படியே நின்றால் தடை புராசஸரில். டாஸ்க் மேனேஜரில் புராசஸர் 60 சதவீதம்தானே காட்டுகிறது என்று அதை விட்டுவிடாதீர்கள். நான்கு கோர் புராசஸரில் கேமின் முக்கிய வேலை ஒரே கோரில் முழுதாக நிரம்பினாலும், மொத்தக் கணக்கில் அது 25 சதவீதம்தான். கார்டின் பயன்பாடு 95-க்கு நன்றாகக் கீழே இறங்கி ஊசலாடினால், ஃபிரேமுக்கு வரம்பும் வைக்காமல் இருந்தால், அது புராசஸருக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

என் கணினியில் முதலில் தெரிந்தது இரண்டாவது வகை. ஜிடிஏ 5-இல் நகரத்துக்குள் வண்டி ஓட்ட ஆரம்பிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தெருவே தள்ளாடும். கேமை மூடிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறந்தால் மறுபடி நன்றாக ஓடும். இந்த அறிகுறி தெரிந்தால் வேறெதையும் தொடாதீர்கள், நேரே வெப்பத்தைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜர் புராசஸரின் வெப்பத்தைக் காட்டாது, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும். அதில் கோர் வாரியாக வெப்பமும், பக்கத்திலேயே தெர்மல் த்ராட்லிங் என்ற வரியும் இருக்கும். என்னுடையதில் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டு நின்றது, த்ராட்லிங் வரியில் "யெஸ்" என்று வந்தது. 3.2 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் உள்ள புராசஸர் 2-க்கும் கீழே இறங்கி ஓடியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது எந்த செட்டிங்ஸை மாற்றினாலும் பயன் இருக்காது.

கேபினெட்டைத் திறந்தால் வெளியிலிருந்து பார்க்க ஃபேன் சுத்தமாகத்தான் இருந்தது. ஃபேனைக் கழற்றி எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குக் கீழே அலுமினியத் தகடுகளின் மேல் தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்து, காற்று உள்ளே போக இடமே இல்லாமல் அடைத்திருந்தது. பிரஷ்ஷால் மேலே தட்டினால் இது போகாது, ஃபேனைக் கழற்றித்தான் ஆக வேண்டும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது இறக்கைகள் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேரிங் கெடும். ஹீட் சிங்கையும் எடுத்துவிட்டால் பழைய தெர்மல் பேஸ்ட் உலர்ந்து உதிர்வதைப் பார்க்கலாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் அதைத் துடைத்துவிட்டு நடுவில் ஒரு சிறு துளி புதிய பேஸ்ட் வைத்தால் போதும். திரும்ப மாட்டும்போது அந்த நான்கு பிளாஸ்டிக் பின்களில் கவனம் வேண்டும். எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நான்கும் போர்டின் பின்பக்கம் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பின் சரியாக உட்காராவிட்டாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பேஸ்ட் மாற்றியும் வெப்பம் குறையாது. என் கணினியில் இதற்குப் பிறகு விளையாடும்போது வெப்பம் 70-களில் நிற்கிறது. ஒரு ட்யூப் பேஸ்ட்டைத் தவிர வேறு செலவில்லை. இந்தக் கணினிக்கு நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அடுத்தது ரேம். 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தது. இதில் இரண்டு பிரச்சினைகள். கேம், பிரவுசர், விண்டோஸ் மூன்றும் சேர்ந்தால் 8 ஜிபி நிரம்பிவிடும், மிச்சம் டிஸ்க்குக்குப் போகும். அந்த டிஸ்க் பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் கேம் நொடிக்கணக்கில் நிற்கும். இரண்டாவது பிரச்சினையைப் பலர் கவனிப்பதில்லை. ஒற்றை ஸ்டிக் என்றால் ஒரே சேனல். டிடிஆர்3-1600 ஒரு சேனலில் செகண்டுக்கு 12.8 ஜிபி வரைதான் தரும், இரண்டு சேனலில் 25.6. இன்னொரு 8 ஜிபி சேர்த்ததும் சராசரி ஃபிரேம் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் வரைபடத்தில் எழும்பிய ஊசிகள் நன்றாகக் குறைந்தன. எந்த ஸ்லாட்டில் போடுவது என்று மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். போட்ட பிறகு சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி பக்கத்தில் "டூயல்" என்று வருகிறதா என்றும் சரிபாருங்கள். 1600 ஸ்டிக்கோடு 1333 ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் மெதுவான வேகத்துக்கு இறங்கிவிடும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, போடுங்கள். ஃபிரேம் கூடாது. கேம் திறக்கும் நேரமும், புதிய பகுதிக்குள் போகும்போது வரும் உறைவும் குறையும். போர்டில் 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட் என்று இரண்டு வகை சாட்டா போர்ட்கள் இருந்தால் வேகமானதில் மாட்டுங்கள்.

இனி கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் குறைப்பது டெக்ஸ்ச்சரை, அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டப்படும் படங்களின் தரத்தை. கார்டின் நினைவகத்துக்குள் அடங்கும் வரை டெக்ஸ்ச்சர் தரத்தால் ஃபிரேம் கிட்டத்தட்டக் குறைவதே இல்லை. குறைத்தால் படம் மட்டும் சேறாகிவிடும். ஆனால் நினைவகத்தைத் தாண்டினால் கதையே வேறு. 1050 டிஐ-யின் 4 ஜிபி நினைவகம் செகண்டுக்கு 112 ஜிபி வேகத்தில் தரவைத் தரும். நிரம்பி வழிந்தது கணினியின் ரேமுக்குப் போனால் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 3.0 வழியே சுமார் 16 ஜிபி வேகத்தில்தான் வந்து சேரும். அங்கேதான் திக்கல் பிறக்கிறது. ஜிடிஏ 5 போன்ற கேம்களில் செட்டிங்ஸ் பக்கத்திலேயே வீடியோ மெமரி அளவு பட்டையாகத் தெரியும். அது நிரம்பாத அளவுக்கு டெக்ஸ்ச்சரை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைக்க வேண்டியவை வேறு. கார்டுதான் தடை என்றால் எம்எஸ்ஏஏ (விளிம்புகளை வழவழப்பாக்குவது), நிழல், ஆம்பியன்ட் அக்லூஷன் (மூலை முடுக்குகளில் விழும் மென்நிழல்), மூடுபனி, பிரதிபலிப்பு, இவற்றில் கை வையுங்கள். ஜிடிஏ 5-இல் எனக்கு அதிகம் கிடைத்தது புல்லின் தரத்தைக் குறைத்ததில்தான். நகரத்துக்குள் ஓட்டினால் இது தெரியாது, ஊருக்கு வெளியே மலைப் பக்கம் போனால் தெரியும். புராசஸர் தடை என்றால் மக்கள் கூட்டத்தின் அளவையும் தொலைவுப் பார்வையையும் குறையுங்கள், ரெசல்யூஷனைத் தொட வேண்டாம். சாய்வாகத் தெரியும் பரப்புகளைத் தெளிவாக்கும் அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கை 16-இலேயே விடுங்கள், அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இந்தக் கார்டில் இல்லை, அதற்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். அதே வேலைக்கு 2021-இல் வந்த ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் பழைய கார்டுகளிலும் ஓடும். எஃப்எஸ்ஆர் 2-இல் 1080 திரைக்கு குவாலிட்டி மோடு வைத்தால் உள்ளுக்குள் 720-இல் வரைந்து பெரிதாக்குகிறது. கதை சார்ந்த கேம்களுக்கு அது போதும். தூரத்து எதிரியைத் தேடிச் சுட வேண்டிய கேம்களில் எனக்குப் பிடிக்கவில்லை, மெல்லிய கோடுகள் நடுங்குகின்றன.

ஃபிரேமுக்கு வரம்பு வைப்பது பழைய நான்கு கோர் புராசஸருக்குப் பெரிய உதவி. வரம்பே இல்லாமல் விட்டால் புராசஸர் நூறு சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். விண்டோஸ் பின்னணியில் ஏதோ சிறு வேலை செய்தாலும் உடனே ஒரு திக்கல் வரும். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 நிலையாக வந்தால் அங்கே பூட்டுங்கள். வராவிட்டால் 30-க்குப் பூட்டிவிடுவேன். 45 என்று வைத்தால் சில ஃபிரேம் ஒருமுறையும் சில ஃபிரேம் இருமுறையும் திரையில் தோன்றும், அசைவு சீராகவே இருக்காது.

மென்பொருள் பக்கம் வந்தால், கேம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர், ரேம் கிளீனர் எதுவும் வேண்டாம். ரேம் கிளீனர் நினைவகத்திலிருந்து துரத்தியதையே கேம் மறுபடி கேட்கும், அதுவே புதிய திக்கலாகும். பார்க்க வேண்டியவை சாதாரண விஷயங்கள்தான். மானிட்டர் கேபிள் கார்டில் இருக்கிறதா, தவறுதலாக மதர்போர்டில் மாட்டியிருக்கிறதா? பவர் பிளான் பவர் சேவரில் இருக்கிறதா? லேப்டாப் என்றால் சார்ஜர் இணைத்திருக்கிறதா? டிரைவர் மாற்றிய பிறகு தொல்லை என்றால் டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவி கொண்டு முழுதாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. ஏழாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் புராசஸர்களில் (என்னுடையது நான்காம் தலைமுறை) அதற்கான வன்பொருள் உதவி இல்லாததால் சுமை அதிகம். நிறுத்தினால் ஃபிரேம் கூடலாம், பாதுகாப்பில் ஒரு படி குறையும். 2018-இல் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற புராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்களும் இந்தத் தலைமுறையைக் கொஞ்சம் மெதுவாக்கின. அவற்றை நிறுத்தும் கருவிகள் உண்டு, நான் தொடுவதில்லை. வங்கி வேலையும் இதே கணினியில்தான் பார்க்கிறேன்.

எல்லாம் செய்த பிறகும் சில எல்லைகள் உண்டு. கவுன்டர்-ஸ்டிரைக் ஜிஓ இதில் தாராளமாக ஓடியது. 2023 செப்டம்பரில் அதன் இடத்துக்கு வந்த கவுன்டர்-ஸ்டிரைக் 2 புகைக்குள் சண்டை வந்தால் தடுமாறுகிறது. குற்றம் கேமில் இல்லை, இயந்திரத்துக்கு வயதாகிவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் மேலும் ஒரு வருடம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். என்விடியாவும் இந்தக் கார்டு வரிசைக்கான கேம் ரெடி டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். லினக்ஸில், விண்டோஸ் கேம்களை ஓட்ட உதவும் ப்ரோட்டான் மூலம் பல கேம்கள் ஓடுகின்றன, ஆனால் ஆன்டி-சீட் (ஏமாற்றுத் தடுப்பு) உள்ள ஆன்லைன் கேம்கள் பல ஓடாது.

இன்னும் பணம் போடலாமா என்று கேட்டால், பெரிய கார்டு வாங்குவதற்கு முன் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். 1050 டிஐ-யின் பெரும்பாலான மாடல்கள் ஸ்லாட் தரும் 75 வாட்டிலேயே ஓடிவிடும். அதைவிடப் பெரிய கார்டுக்குத் தனி பவர் கேபிள் வேண்டும், அது பெரும்பாலும் புது எஸ்எம்பிஎஸ்ஸில் போய் முடியும். அதன் பிறகும் இந்தப் புராசஸரே பின்னால் இழுக்கும். ஐ5-4570-ஐ ஓவர்கிளாக் செய்து வேகத்தைக் கூட்டவும் முடியாது. அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4770, எட்டு த்ரெட் உள்ளது, நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் வாங்கிப் போடலாம், திக்கல் இன்னும் குறையும். பழையதற்கே அதிக விலை சொன்னால் விட்டுவிடுங்கள். அந்தப் பணம் புது மதர்போர்டு, புராசஸர், ரேமுக்கு முன்பணமாகட்டும்.